பாம்பன் வெயிலில் மொபைல் கூலர் வேலைக்கு ஆகுமா?

ராமேஸ்வரம் ரத வீதிகளில் சங்குக் கடைகளுக்கு நடுவே இருக்கிற மொபைல் கடைகளிலும், ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைகளிலும் இப்போது நீலமும் சிவப்புமாக மின்னுகிற ஒரு சாமான் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. போனின் முதுகைக் கவ்விக்கொள்ளும் மொபைல் கூலர். கடைப் பையன் அதை ஒயரில் சொருகி, தகட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்வான். பத்து எண்ணுவதற்குள் ஜில்லென்று ஆகிவிடும். "ஐஸ்கட்டி மாதிரி இருக்குல்லண்ணே? படகுல போறவங்க நிறையப் பேரு வாங்கிட்டுப் போறாங்க" என்பான்.

ஜில்லென்று ஆவது நிஜம்தான். படகுக்கு ஏற்றது என்பதைத்தான் நம்ப முடியவில்லை. வீட்டுக்குள் சுவர் பிளக்கில் சொருகி, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கேம் விளையாடுகிற பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுக்கலாம். வள்ளத்தில் போகிறவருக்கும், தனுஷ்கோடி அரிச்சல்முனை ரோட்டில் வேன் ஓட்டுகிறவருக்கும், பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டிக்கொண்டு டெலிவரி பார்க்கிறவருக்கும் வேண்டாம். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அதிகம் விற்கிற வகை: 5 வோல்ட், 2 ஆம்பியர், ஆக 10 வாட். டைப்-சி வாய், நடுவில் பெல்டியர் தகடு, மேலே சின்னக் காற்றாடி, இரண்டு பக்கமும் ஸ்பிரிங் கிளிப். விலை சுமார் 700 முதல் 1500 ரூபாய் வரை. பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். வெறும் காற்றாடி மட்டும் உள்ள 300 ரூபாய் வகையும் உண்டு. பாம்பனில் காற்றுக்கா பஞ்சம், அதைக் காசு கொடுத்து வேறு வாங்க வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது

நாலு ஸ்குரூவைக் கழற்றினால் மர்மம் தீர்ந்தது. போனைத் தொடுகிற பக்கம் ஓர் அலுமினியத் தகடு, அதன்மேல் மெல்லிய சிலிக்கான் பட்டை. அதற்குப் பின்னால் பிஸ்கட் தடிமனில் வெள்ளைப் பீங்கான் சதுரம் ஒன்று, அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர். அதுதான் பெல்டியர். இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு சேர்க்கை குளிரும், இன்னொன்று சுடும் என்று 1834-இல் பிரெஞ்சுக்காரர் பெல்டியர் கண்டார். அந்த விளைவுதான் இந்தச் சதுரத்துக்குள் வேலை செய்கிறது. ஒரு முகம் குளிரும்போது மறுமுகம் கொதிக்கும். கொதிக்கிற முகத்தின்மேல் சீப்புப் பல் போல அலுமினிய மடிப்புகள், அவற்றுக்கு மேலே காற்றாடி.

பெல்டியர் சூட்டை ஒழிப்பதில்லை. இந்தப் பக்கம் இருப்பதை அள்ளி அந்தப் பக்கம் கொட்டுகிறது. அள்ளுகிற கூலிக்குத் தான் தின்கிற மின்சாரத்தையும் சூடாக்கி அங்கேயே கொட்டுகிறது. கூலியும் கொஞ்சநஞ்சமல்ல. காற்றாடிக்கும் கலர் விளக்குக்கும் ஒன்றரை வாட் போனது போக, பெல்டியருக்கு எட்டரை வாட் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு போனிலிருந்து 4 வாட் சூட்டை எடுத்தாலே இந்த அளவுச் சாமானுக்கு அது நல்ல வேலை. வீட்டு ஃபிரிட்ஜ் ஒரு வாட் தின்றால் ஒரு வாட்டுக்கு மேலேயே சூட்டை வெளியேற்றும். இது அதில் பாதியைத் தாண்டினால் பெரிது.

ஆக, அந்தத் தீப்பெட்டி அளவு மடிப்புகள் 12 வாட்டுக்கு மேல் சூட்டைக் காற்றில் விட்டாக வேண்டும். கடற்கரையில் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. உப்புக் காற்றின் ஈரமும் மணல் தூசியும் சேர்ந்து மடிப்புகளின் இடுக்கில் சாம்பல் நிறப் பசையாகப் படியும். அதன்பிறகு காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. சுடுகிற முகம் ஏற ஏறக் குளிர்கிற முகமும் கூடவே ஏறும். இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தைத்தான் பெல்டியரால் காப்பாற்ற முடியும், குறிப்பிட்ட ஒரு குளிர்ச்சியை அல்ல. பழைய பல் பிரஷ்ஷால் வாரத்துக்கு ஒருமுறை மடிப்புகளைத் தட்டி எடுக்காவிட்டால், ஒரு சீசனுக்குள் ஜில்லென்று இருந்தது வெதுவெதுப்பாகிவிடும்.

இன்னொன்று, பெட்டியில் எழுதியிருக்க மாட்டார்கள்: ஒயரைப் பிடுங்கியதும் கூலரையும் கழற்றிவிட வேண்டும். மின்சாரம் நின்ற பெல்டியர் வெறும் பாலம்தான். மடிப்புகளில் தேங்கிய சூடு அந்தப் பாலத்தில் ஏறி நேராகப் போனுக்கே திரும்பி வரும்.

பேக் கவரோடு மாட்டுகிறவர்கள்தான் அதிகம். அங்கே காசு முழுக்க வீண். 2 மில்லிமீட்டர் ரப்பர் கவர், 4 சென்டிமீட்டர் சதுரத் தகடு, கடத்த வேண்டிய சூடு 4 வாட் என்று கணக்குப் போட்டால், கவரின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் சுமார் 25 டிகிரி வித்தியாசம் விழுகிறது. கூலர் தகடு 15 டிகிரியில் இருந்தாலும் போனின் முதுகு 40-இல்தான் இருக்கும். கவரைக் கழற்றினால், பின்பக்கம் கண்ணாடியாக இருக்கிற போனில் அந்த இழப்பு 2 டிகிரிக்குள் அடங்கும். பிளாஸ்டிக் முதுகு என்றால் சுமார் 10 டிகிரி. விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் முதுகுதான்.

வெயிலும் ஒரு சார்ஜர்

போன் சூடாகிறது என்றதும் எல்லோரும் கேமையும் இன்டர்நெட்டையும் திட்டுகிறார்கள். நம் ஊர்க் கணக்கு வேறு.

சாதாரணப் போன் 16 சென்டிமீட்டர் நீளம், ஏழரை சென்டிமீட்டர் அகலம். பரப்பு 120 சதுர சென்டிமீட்டர். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் கொட்டுகிறது. அப்படியானால் படகின் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், மல்லாந்து கிடக்கிற போன்மேல் 12 வாட் விழுகிறது. கறுத்த கண்ணாடித் திரை அதில் பத்தையாவது உறிஞ்சிக்கொள்ளும். திரையை முழு வெளிச்சத்தில் வைத்து ஜிபிஎஸ் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தால் போன் தானாக உண்டாக்குவது 3 வாட் பக்கம். சார்ஜும் ஏறினால் இன்னும் ஒன்றோ இரண்டோ.

போன் செய்கிற எல்லா வேலையையும் கூட்டினாலும் வெயில் கொடுப்பதில் பாதிதான் வருகிறது. கூலர் எடுப்பது 4 வாட். நிழல் எடுப்பது 10 வாட். நிழலுக்கு பேட்டரி வேண்டாம்.

ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லியிருக்கிற சுற்றுப்புற வரம்பு 0 முதல் 35 டிகிரி. ராமநாதபுரத்துச் சித்திரையில் நிழலிலேயே அதைத் தாண்டுகிற நாட்கள் உண்டு. லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற வரம்பு பொதுவாக 45 டிகிரி, அதுவும் பேட்டரியின் சொந்தச் சூடு. அதற்கு மேல் போனால் போன் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். முதலில் திரை மங்கும். அடுத்து சார்ஜ் ஏறுவது குறையும் அல்லது நிற்கும். கேமரா ஃபிளாஷ் வேலை செய்யாது. வரைபடம் திக்கித் திணறும். கடைசியில் ஆறட்டும் என்று ஒரு செய்தியைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். இலங்கைக் கடல் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் வலை விட்டிருக்கும்போது அது மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

"பவர் பேங்க் போலி, சார்ஜே ஏறல" என்று கடையில் வந்து நிற்கும் புகார்களில் ஒரு பங்கு இதுதான். பவர் பேங்க் கொடுக்கத் தயார், போன்தான் சூட்டில் வாங்க மறுக்கிறது. சோதிப்பது சுலபம்: அதே பவர் பேங்க், அதே கேபிள், ராத்திரி வீட்டில். ஒழுங்காக ஏறினால் குற்றவாளி வெயில்.

வியர்க்கிற தகடு

கூலரைக் கடலுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதற்கு மின்செலவைவிடப் பெரிய காரணம் ஈரம்.

சோடா பாட்டில் ஏன் வியர்க்கிறது? பாட்டிலுக்குள் இருக்கிற தண்ணீர் கசிவதில்லை. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படுகிறது. எந்தச் சூட்டுக்குக் கீழே போனால் ஈரம் படியும் என்பது காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம், இது நம் கரைக்குச் சர்வசாதாரணம். இந்த நிலையில் 27 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருளும் வியர்க்கும். கூலர் தகடு 15 டிகிரிக்குப் போகிறது என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். உள்நாட்டில் ஏசி அறைக்குள் அது பெருமை. மண்டபம் கரையில் அது சொட்டுநீர்ப் பாசனம்.

சொட்டுவது நல்ல தண்ணீராக இருந்தாலும் தகட்டின்மேல் ஏற்கெனவே உப்பு படிந்திருக்கும். இரண்டும் கலந்தால் உப்புத் தண்ணீர். போன் ஸ்டாண்டில் நட்டுக்குத்தாக நிற்கும்போது அது முதுகில் வழிந்து கீழே இறங்குகிறது. கீழே டைப்-சி வாய் காத்திருக்கிறது. அந்த வாய்க்குள் பின்கள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. கரண்ட் வருகிற பின்னுக்கு ஒட்டியே, சார்ஜர் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கிற பின் நிற்கிறது. வேகச் சார்ஜில் முதல் பின்னில் 9 வோல்ட் இருக்கும். உப்புத் தண்ணீர் இரண்டையும் இணைத்தால், முலாம் பூசும் பட்டறைத் தொட்டியில் நடப்பதே இங்கும் நடக்கிறது. பின்னின் தங்க முலாம் கரைந்து, செம்பு பச்சை பூத்து, கடைசியில் கறுத்துப்போகும். சார்ஜ் ஒரு பக்கம் திருப்பிச் சொருகினால் ஏறும், மறுபக்கம் ஏறாது என்பதுதான் முதல் அறிகுறி. அதைப் பார்த்ததும் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பது வீண், வாயைத்தான் பார்க்க வேண்டும்.

போன் உள்ளேயும் வியர்க்கலாம். ஒருமுறை திரையோ பேட்டரியோ மாற்றிய போனில் கம்பெனி ஒட்டிய பசை போயிருக்கும். கடல் காற்று தாராளமாக உள்ளே போய் வரும். கேமராக் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி கட்டினால் புரிந்துகொள்ளலாம். சூடான போனை மீன் ஐஸ் பெட்டிக்குள் இரண்டு நிமிஷம் வைத்து எடுக்கிற பழக்கமும் இதே கெடுதலை இன்னும் வேகமாகச் செய்கிறது. தயவுசெய்து அது வேண்டாம்.

ஈரம் இருக்கிறது என்று போன் எச்சரித்தால் சார்ஜரை உடனே எடுத்துவிட்டு, வாய் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். பிறகு காற்றோட்டமான நிழலில் விடுங்கள். அரை மணி நேரத்தில் சரியாகலாம், ஒரு நாளும் ஆகலாம். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தவிட்டுத் தூள் வாய்க்குள் போய் அடைக்கும். ஊதவும் வேண்டாம், ஊதுவது ஈரத்தை உள்ளே தள்ளும். பச்சை பூத்திருந்தால் போனை அணைத்துவிட்டு, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டுத் தேய்க்கலாம். குண்டூசி, ஹேர்பின் கூடவே கூடாது. தண்ணீர் தாங்கும் என்பதற்கான ஐபி68 குறி பெட்டியில் இருக்கிறதே என்பார்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், புதுப் போனில் நடந்தது. கடல் தண்ணீருக்கு அது உத்தரவாதம் இல்லை.

அதே காசுக்கு

மின்செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 10000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது உள்ளே 3.7 வோல்ட்டில் 37 வாட்-மணி. 5 வோல்ட்டாக மாற்றும்போது பதினைந்து சதவீதம் போனால் கையில் வருவது 31. கூலர் அதை மூன்று மணி நேரத்தில் குடித்துவிடும். அதே 31-ஐப் போனுக்குக் கொடுத்தால், ஏற்றும்போது ஆகிற சேதாரம் போகவும், ஜிபிஎஸ் வரைபடம் சுமார் 9 மணி நேரம் ஓடும். விடியலில் போய் மத்தியானம் திரும்புகிற படகுக்கு எது வேண்டும் என்பதில் விவாதமே இல்லை.

முதல் செலவு கேபிள். 1 மீட்டர் மலிவு கேபிளில் மின்சாரம் போகிற ஒயர் 28 கேஜ், அதாவது நூல் மாதிரி. போக வர இரண்டு மீட்டருக்கு அதன் தடை 0.43 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே விழுந்துவிடும். 5 வோல்ட் புறப்பட்டு 4.15 வந்து சேர்ந்தால் போன் இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். "ஸ்லோவா ஏறுது" என்பது இதுதான். அதைவிடத் தடித்த 24 கேஜ் கேபிளில் இழப்பு 0.34 வோல்ட் மட்டும். கேபிளின் மேலுறையில் சின்ன எழுத்தில் 24 என்று அச்சடித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. படகுக்கு அரை மீட்டர் போதும்.

அடுத்து, பேட்டரி உள்ள படகென்றால் சார்ஜர். விசைப்படகில் இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் எடுத்து, அதில் வீட்டுச் சார்ஜரைச் சொருகுகிறார்கள். 12-ஐ 230 ஆக்கி, மறுபடி 5 ஆக்குவது சுற்றி வளைத்து மூக்கைத் தொடுகிற வேலை. இரண்டு மாற்றத்திலும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும், சும்மா இருக்கும்போதும் இன்வெர்ட்டர் தின்றுகொண்டே இருக்கும். நேராக 12 வோல்ட்டிலிருந்து எடுக்கிற சார்ஜரில் இழப்பு பத்து சதவீதம் பக்கம். உடம்பில் "12–24" என்று இன்புட் எழுதியிருக்கிறதா பாருங்கள். இன்ஜின் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியில் 14.4 வரை வரும், சில படகுகளில் 24 வோல்ட் அமைப்பே இருக்கிறது. 150 ரூபாய் சார்ஜர்களில் ஒற்றைச் சில்லு ஒன்று ஒரு ஆம்பியருக்கு மேலே திணறிக் கொதிக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே கனம் இருக்காது.

மாட்டுகிற முறை: பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து வீல்ஹவுஸ் (சுக்கான் அறை) வரை ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஈயம் பூசியது கிடைத்தால் உத்தமம். பூசாத செம்பு உறைக்குள்ளேயே கறுத்து உதிரும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாமல், ஈயப் பற்று வைத்து அதன்மேல் சுருங்கு குழாய் போடுங்கள். ஸ்டார்ட்டர் அடிக்கும்போது மட்டும் போனைக் கழற்றி வையுங்கள், அந்த நொடியில் வோல்ட்டேஜ் விழுந்து எழும்.

சின்னப் பைபர் படகில் பேட்டரியே இல்லை என்றால் பவர் பேங்க்தான். வாங்கும்போது முன்பக்கத்து 20000-ஐப் பார்க்காமல் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். "ரேட்டட் கெபாசிட்டி" என்று 12000 பக்கம் ஓர் எண் இருக்கும். அது ஏமாற்று இல்லை. 3.7 வோல்ட்டில் 20000 இருப்பது 5 வோல்ட்டில் சேதாரம் போக அவ்வளவுதான் வரும். அந்த எண்ணையே போடாதவன்தான் ஏமாற்றுகிறான். 5000 எம்ஏஎச் போனை நல்ல 20000 பவர் பேங்க் மூன்று தடவை நிரப்பும், நாலு தடவை என்று சொன்னால் நம்பாதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று காட்டும். கீழக்கரையிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் கவனிக்க: விமானத்தில் 100 வாட்-மணி வரைதான் தடையில்லை, அது 27000 எம்ஏஎச் கணக்கு. அதுவும் கைப்பையில் மட்டும்.

முதுகில் சோலார் தகடு ஒட்டிய பவர் பேங்க்கைப் பார்த்து ஆசைப்படாதவர் கிடையாது. கமுதியில் 648 மெகாவாட் சோலார் மின்நிலையம் ஓடுகிற மாவட்டத்தில் ஆசை வராதா? ஆனால் உள்ளங்கை அளவுத் தகட்டிலிருந்து நல்ல வெயிலில் வருவது ஒன்றேகால் வாட் பக்கம்தான். 74 வாட்-மணியை நிரப்ப 60 மணி நேரம், அதாவது பத்து நாள் வெயில் வேண்டும். அந்தப் பத்து நாளும் தகட்டுக்கு அடியில் லித்தியம் பேட்டரி வெந்துகொண்டிருக்கும். தகடு தனியாக, பேட்டரி நிழலில் என்று பிரிந்திருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஈரத்துணி, ஓலைக் கொட்டான்

தண்ணீர் புகாத பை இல்லாமல் படகில் போனை வைக்க முடியாது. ஆனால் அந்தப் பைக்குள் வெயில் புகும், சூடு வெளியே வராது. போனுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே நிற்கிற காற்று கம்பளி போர்த்தியது போல. கறுப்பு முதுகுள்ள பை மகா மோசம். வெள்ளை அல்லது வெள்ளி நிற முதுகு வாங்குங்கள். போனைத் திணித்ததும் காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். அந்தப் பைக்குள் வைத்தபடியே வேகச் சார்ஜ் போடாதீர்கள்.

பை இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. பையின் மேல் ஈரத்துணி சுற்றலாம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2400 ஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு மணி நேரம் 10 வாட் எடுக்க 15 மில்லி தண்ணீர் போதும், ஒரு மடக்குகூட இல்லை. கச்சான் காற்று வீசுகிற நாளில் நிழலில் தொங்கவிட்ட ஈரத்துணிக்குள் 28, 29 டிகிரிக்கு இறங்கும். மண்பானை செய்கிற அதே வேலை. மேலே சொன்ன ஈரப்பதத்தில் 27-க்குக் கீழே இறங்கவே இறங்காது என்பதுதான் இதன் அழகு: வியர்க்காத குளிர்ச்சி. குடிதண்ணீரில் நனையுங்கள். கடல் தண்ணீரும் ஆவியாகும், ஆனால் துணி உப்பு பூத்து விறைத்துப்போகும். பையின் பூட்டுவாய் துணிக்கு வெளியே, மேலே இருக்கட்டும்.

துணி வேண்டாம் என்றால் மூடியோடு ஒரு பனை ஓலைக் கொட்டான். காற்று புகும், வெயில் புகாது. இந்த மாவட்டத்தில் பனை ஓலைக்கு அலைய வேண்டியதும் இல்லை. பவர் பேங்க்கையும் அதே கொட்டானில் போடலாம், ஆனால் போனோடு ஒட்டிக்கொண்டு கிடக்காமல் நடுவே ஒரு தடுப்பு இருக்கட்டும்.

போனுக்குள்ளே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கரையை விட்டு விலகியதும் டவர் தேய்ந்து போகும். போன் விடாமல் உரக்கக் கூவிக்கொண்டே இருக்கும், அதில் பேட்டரி கரையும். தனுஷ்கோடிப் பக்கம் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு ரோமிங் கேட்கிற தொல்லை வேறு. ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை, அது செயற்கைக்கோளைக் கேட்பது மட்டுமே, பேசுவதில்லை. வரைபடத்தை மட்டும் கரையிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். அவசரத்துக்குப் படகில் விஎச்எப் ரேடியோ இருக்கிறது என்ற நிலையில்தான் இந்த யோசனை. போன் ஒன்றுதான் தொடர்பு என்றால் மணிக்கொரு தரம் ஐந்து நிமிஷம் திறந்து பாருங்கள். திரையை முழு வெளிச்சத்தில் வைப்பதற்குப் பதிலாக, நிழலில் கொட்டானுக்குள் பார்த்தால் பாதி வெளிச்சமே போதும்.

வயர்லெஸ் சார்ஜர் பற்றிக் கேட்கிறார்கள். கடலில் வாய் நனையாதே என்ற வாதம் நியாயம்தான். ஆனால் கொடுக்கிற மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் சூடாகவே போகும், அதில் பெரும் பங்கு போனின் முதுகிலேயே. வீட்டில் ராத்திரி போடலாம்.

தடைக்கால இருப்பு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கரையில். படகுச் சாமான்களெல்லாம் ஓர் ஓரத்தில் ஏறும், வருஷத்தின் மோசமான வெயில் அதே நாட்களில்தான். வாக்கிடாக்கி, உதிரி போன், பவர் பேங்க் எல்லாவற்றையும் ஃபுல் சார்ஜ் போட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் பரணில் வைப்பது பலர் வழக்கம். பேட்டரிக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது. லித்தியம் பேட்டரியை முழுச் சார்ஜில் 40 டிகிரியில் ஒரு வருஷம் வைத்தால் கொள்ளளவு 65 சதவீதத்துக்கு இறங்கும். அதே சூட்டில் 40 சதவீதச் சார்ஜில் வைத்தால் 85 நிற்கும். ஆகவே பாதிக்குக் கொஞ்சம் கீழே இறக்கி, வீட்டில் தரையோரம், நெல்லோ பருப்போ வைக்கிற குளிர்ந்த அறையில் வையுங்கள். மே மாதக் கடைசியில் ஒருமுறை எடுத்துப் பார்த்து, 20-க்குக் கீழே போயிருந்தால் மறுபடி பாதிக்கு ஏற்றுங்கள். ஏஏ செல் போடுகிற கையடக்க ஜிபிஎஸ் என்றால் செல்லைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் ஸ்பிரிங்கையே தின்றுவிடும்.

ஜூன் 14 சாயங்காலம், ஐஸ் ஏற்றுவதற்கு முன், ஒவ்வொன்றின் முதுகிலும் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். நடுவில் மேடு தட்டி ஸ்கேல் ஆடினால் பேட்டரிக்குள் வாயு கட்டியிருக்கிறது. அதற்குச் சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், கடலில் வீசாதீர்கள். மூடியில்லாத மண் சட்டியில் உலர்ந்த மணலுக்குள் வைத்து, மறுநாள் ராமநாதபுரத்துச் சர்வீஸ் கடையில் பழைய பேட்டரி வாங்குகிறார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.